சிவப்பு மருந்தும் வெள்ளை மாத்திரையும்

இரவு பதினொன்றரை மணிக்கு அக்காவின் மகன் போன் செய்தான். "அண்ணா, அம்மாவுக்கு ரத்தமா போவுது. ஒண்ணுக்குப் போனா ரத்தமா போவுது. சீக்கிரம் வாங்க."

அன்று காலையில்தான் சென்னையில் முதல் கீமோ ஏற்றி, மாலை பஸ்ஸில் திண்டிவனம் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் அவரைக் காலனியில் இறக்கிவிட்டு வந்திருந்தோம். இரண்டு வண்டிகளில் நான்கு பேர் ஓடினோம். அக்கா வாசல் திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலிக்குதா என்றோம், இல்லை என்றார். பயமா இருக்கு என்று மட்டும் சொன்னார். எங்களில் ஒருவருக்கு ஒரு செவிலியரின் எண் தெரிந்திருந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "செவப்பு மருந்து ஏத்துனாங்களா?"

ஏற்றினார்கள். ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பெரிய சிரிஞ்சில் இருந்ததை நாங்களே பார்த்தோம்.

"அப்ப அந்தக் கலர்தான் எறங்குது. ஒரு நாள், ரெண்டு நாள் அப்படித்தான் போவும். தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லை. அந்த ஒரு வரியைக் காலையிலேயே யாராவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் மீது கோபப்பட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பினோம். பாதி வழியில் இன்னொன்றும் உறைத்தது. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அந்த வார்டு வாசலில் நாங்கள்தானே நின்றோம்? எங்களில் இரண்டு பேர் முதுகலை முடித்தவர்கள், ஒருவர் சட்டக் கல்லூரி மாணவர். கையில் ஆளுக்கொரு போன் இருந்தது. அந்தச் சிவப்பு மருந்தின் பெயர் என்ன, அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். காலனியில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நடத்தும் ஏழு பேர். இரண்டு பேர் பெண்கள். சுடுகாட்டுப் பாதைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் கலெக்டர் அலுவலகத்தில் மனு எழுதி எழுதிப் பழகிய கைகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அக்கா எங்கள் யாருக்கும் ரத்த உறவு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இருபத்திரண்டு வருடம் துடைப்பமும் தள்ளுவண்டியும்தான். நோய் தெரிந்தபோது வயது நாற்பத்தாறு.

கட்டி இருந்தது அவருக்கு எட்டு மாதமாகத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. ஆறேழு ஆண்பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் மார்பில் கட்டி என்று அவர் யாரிடம் சொல்லுவார்? பெண்விடுதலை பற்றி அம்பேத்கர் எழுதியதைப் படிப்பகத்தில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அந்தக் கட்டியோடு அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். சில கட்டிகளில் நோய் பரவியிருந்ததால் கீமோ வேண்டும் என்றார்கள். மருத்துவர்கள் சுற்றி வரும் நேரத்தில் ஓர் இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, "கூட படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா? இவங்ககிட்ட சொன்னா புரியாது" என்றார். பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் கணவர் ஆசிரியர். அவரிடம் கால் மணி நேரம் நின்று பேசினார்கள், ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். அக்காவின் சம்மதப் படிவத்தில் கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

இதைச் சாதி என்று சொன்னால், 'அந்த டாக்டருக்கு இவர் என்ன சாதி என்று எப்படித் தெரியும்' என்று ஒரு நண்பர் கேட்டார். வேலை என்ன என்று எழுதும் கட்டத்தில் 'ஸ்வீப்பர்' என்று எழுதியிருந்தது, போதாதா?

அந்த இரவுக்குப் பிறகுதான் நாங்கள் படிக்க ஆரம்பித்தோம். சட்டப் புத்தகத்தைப் படித்ததுபோலவே மருந்துச் சீட்டையும் வரிவரியாகப் படித்தோம். தெரிந்த மருந்தாளுநர் தோழர் ஒருவர் ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்தார்.

சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து. நிறம் அதனுடைய சொந்த நிறம். வேகமாகப் பெருகுகிற செல்களைக் கொல்லும். புற்றுச் செல் வேகமாகப் பெருகும். மயிர்க்கால், வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல், எலும்பு மஜ்ஜையில் ஊறும் ரத்த அணு ஆகியவையும் வேகமாகப் பெருகுபவை. மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் ரத்த அணு குறைவதும். முடியும் அணுவும் திரும்ப வந்துவிடும். இதயம்தான் கவலை. இந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தமாக இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற வரம்பே உண்டு. 'எக்கோ எடுத்துட்டு வாங்க' என்று ஏன் அலைக்கழிக்கிறார்கள் என்று முணுமுணுத்தோமே, அது இதற்காகத்தான். ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். ஏறும்போது எரிந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்கக் கூடாது, உடனே கத்த வேண்டும். பொறுத்துப் பழகிய நம் பெண்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை.

அதோடு சேர்த்து ஏற்றியது சைக்ளோபாஸ்பமைடு. உடம்பில் வேலை முடிந்து அது வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். தண்ணீர் நிறையக் குடித்துக் கழுவிவிட வேண்டும், ஒண்ணுக்கு வந்தால் அடக்கக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் காலை ஐந்து மணி முதல் பகல் ஒன்றுவரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? அவர் கூட்டுகிற தெருக்களில் அவருக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. ஊரின் கழிப்பறைகளைக் கழுவுகிறவர்கள் வேலை நேரத்தில் ஒண்ணுக்குப் போகாமல் இருக்கத் தொண்டையைக் காயவைத்துப் பழகியிருக்கிறார்கள். மருத்துவர் எழுதும் 'தினமும் மூன்று லிட்டர்' என்ற வரிக்கு முன்னால் இந்த வரலாறு நிற்கிறது. சொம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு மருந்துபோல மடக்கு மடக்காகக் குடிக்க அவர் பழகுவதற்கு இரண்டு வாரம் ஆனது.

இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. முடி மூன்றாவது வாரத்தில் கொத்துக் கொத்தாக வந்தது. மகனே மொட்டை அடித்துவிட்டான். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் "மேல்மலையனூர் வேண்டுதல்" என்று சொல்லிவிட்டார் அக்கா. எங்களில் சிலருக்கு அது உறுத்தியது. கடவுள் மறுப்புப் பேசுகிறவர்கள் அல்லவா. அவர் சொன்னார்: "நோய்னு சொன்னா தொட்டா ஒட்டிக்கும்பான். சாமின்னு சொன்னா வழி வுடுவான். நீங்க வேணும்னா உண்மையச் சொல்லிக்கிட்டு மொட்ட அடிச்சுக்குங்க."

வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் உண்டு. வாந்தி வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வந்த பிறகு போட்டால் பாதிதான் கேட்கும். இதையும் இரண்டாவது கீமோவில்தான் கற்றோம்.

நாங்கள் செய்த பெரிய தவறு அந்த இரண்டாவது கீமோவுக்குப் பிறகு நடந்தது. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை ரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். ஒன்பதாம் நாள் அக்கா வேலைக்குப் போனார். போகாவிட்டால் மேஸ்திரி பெயரை எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். குப்பை வண்டியில் கோழிக்கடைக் கழிவு, மருத்துவமனைப் பஞ்சு, அழுகிய சோறு எல்லாம் இருந்தன, கையுறை இல்லை. பத்தாம் நாள் காய்ச்சல். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆம்புலன்ஸ். ஆறு நாள் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். "கீமோல காய்ச்சல் நூறைத் தாண்டினா அது காய்ச்சல் இல்லீங்க, அவசரம். ராத்திரி ரெண்டு மணின்னாலும் வரணும். மாத்திர போட்டுக் காய்ச்சல மறைக்கவே கூடாது" என்று ஒரு மருத்துவர் எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபத்துக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறோம். எங்களிடம் முழுதாக எதையாவது சொன்ன முதல் ஆள் அவர்தான். கணக்குக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அக்கா வீட்டில் ஆணியில் தொங்கவிட்டோம்.

மேஸ்திரியிடம் சண்டைக்குப் போன இடத்தில் வேறொரு விஷயம் வெளியே வந்தது. மாதாமாதம் அக்காவின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருக்கிறார்கள். அட்டை தரவில்லை, எண்ணும் இல்லை. தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, தேவையான நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், புற்றுநோய் வந்த தொழிலாளிக்கு வீட்டில் இருந்தபடியே கூலியில் 80 சதவீதம் இரண்டு வருடம்வரை கிடைக்க வழி உண்டு. நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் என்று அதற்குப் பெயர். ஒப்பந்தக்காரர் கட்டாமல் ஏமாற்றினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது இங்கே நகராட்சி, அதற்குப் பொறுப்பு. மருந்தின் பக்கவிளைவு என்று எழுதும் பட்டியலில் 'கூலி போய்விடும்' என்பதை எந்த மருத்துவப் புத்தகமும் எழுதுவதில்லை. அக்காவுக்கு அதுதான் முதல் பக்கவிளைவு. ஒன்பதாம் நாள் அவரைக் குப்பை வண்டிக்குத் துரத்தியது மருந்து அல்லவே. நாங்கள் போட்ட மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது பாக்ளிடாக்செல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் எடுத்தார்கள். வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம். வாந்தி குறைவு, அக்கா தெம்பாக இருந்தார், நாங்களும் கொஞ்சம் அசந்துவிட்டோம். ஒவ்வாமை வராமல் இருக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு போடுவார்கள். அதனால் சர்க்கரை ஏறியது, அதற்குத் தனி அலைச்சல். ஆனால் இந்த மருந்து குறி வைப்பது நரம்பை. எட்டாவது வாரத்தில் விரல் நுனி மரத்தது, உள்ளங்காலில் பஞ்சை மிதிப்பது போலிருக்கிறது என்றார். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, காலில் இருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. இதை மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள் அல்லது இடைவெளி விட்டிருப்பார்கள். "ஊசி போடறத நிறுத்திடுவாங்களோ"ன்னு பயந்து அக்கா சொல்லவில்லை.

பிறகு கதிர்வீச்சு. அதையும் முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். ஒரு நாள் பகலில் குழாயடியில் கை கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து, முதலில் அந்தப் பழைய சிவப்பு மருந்து ஞாபகம்தான் வந்ததாம். இந்த முறை ரத்தமேதான். குப்பையில் கிடந்த பாட்டில் துண்டு உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. எப்போது கிழித்தது என்று தெரியாது. விரல்கள் சொல்லவில்லை.

அதுவும் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை. அந்தக் கையில் நிணநீர் வடியும் பாதை குறைந்துவிட்டது. சின்னக் காயம்கூடச் சீழ் பிடிக்கும், கை வீங்கினால் வீக்கம் வாழ்நாளுக்கும் நிற்கும். அந்தப் பக்கம் ஊசி கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வெட்டுக்காயம் படக் கூடாது என்று அறிவுரைத் தாளில் இருந்தது. ஒரு தூய்மைப் பணியாளர் எந்த வேலையை எந்தக் கையால் செய்தால் இந்த மூன்றும் நடக்காமல் இருக்கும்? கை முழங்கைவரை சிவந்து வீங்கியது. பத்து நாள் மருத்துவமனை. வீக்கம் முழுதாக வடியவில்லை. இப்போதும் அந்தக் கையில் வளையல் ஏறாது.

மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரே மரத்துப்போன விரல் ஒரு வங்கி ஊழியருக்குத் தட்டச்சில் தடுமாற்றம், ஒரு தையல்காரிக்கு ஊசிக்குத்து, அக்காவுக்கு இது. யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று பிறப்பால் பிரித்து வைத்த நாட்டில் பக்கவிளைவையும் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கீமோ நடந்தபோது, 'அத நிறுத்திட்டு நாட்டு மருந்து சாப்புடு' என்று சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். நம் ஆட்களே ஒருவர், அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர்தானே, நம் மருத்துவத்தை நாமே நம்பாவிட்டால் எப்படி என்று கேட்டார். பண்டிதர் சென்னையில் சித்த மருத்துவம் பார்த்தவர் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் நான்காவது கீமோவை நிறுத்துவது பண்டிதருக்குச் செய்கிற மரியாதை அல்ல. மருந்தின் கொடுமைகளை இவ்வளவு எழுதிவிட்டு இதையும் சொல்கிறோம்: அந்த மருந்துகள்தான் அக்காவை வைத்திருக்கின்றன. பக்கவிளைவை மறைப்பவர்கள்தான் இந்த நாட்டு மருந்து வியாபாரிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிவப்பாகப் போனதைப் பார்த்து யாரும் அலறியிருக்க மாட்டார்கள்.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு வேறு வகை. மார்பகப் புற்றில் கட்டியை எடுத்து மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2. அக்காவுக்கு முதல் இரண்டும் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு ஹெர்2. அதற்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருடம். முடி கொட்டாது, ஆனால் இதயத்தைக் கவனிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. ஒரு காலத்தில் ஒரே குப்பி லட்ச ரூபாய்க்கு மேல். 2012இல் நோயாளிகளும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து இந்த மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடு என்று அரசை நெருக்கினார்கள். 2013இல் ரோச் நிறுவனம் இந்தியாவில் தன் காப்புரிமையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு பயோகான் தயாரித்த இணை மருந்து சந்தைக்கு வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தானாக நடந்த இறக்கம் இல்லை அது. ஆனால் எல்லா மருந்துக்கும் இப்படி நடக்கவில்லை. ரைபோசிக்லிப் என்ற மாத்திரையின் விலைக்காகக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் 2022இல் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைவிடப் பெரிய ஆய்வுத் தலைப்பு வேண்டுமா?

இனி அந்த வெள்ளை மாத்திரை. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் தயங்கித் தயங்கி வந்தோம்.

டமாக்சிபென். 20 மில்லிகிராம், தினம் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் ஓர் ஆய்வகத்தில் இதைத் தயாரித்தார். கருத்தடை மருந்தாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், அதற்கு உதவவில்லை. கருத்தடையில் தோற்ற மருந்து லட்சக்கணக்கான பெண்களின் உயிர் மருந்தாயிற்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்களுக்கு ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்பி வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. விலையும் சில ரூபாய்தான். ஊசியில்லை, வார்டில்லை, பஸ்ஸில்லை. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தது இந்த இடத்தில்தான்.

நாங்கள் வாங்கிக் கொடுத்த அட்டைகள் பதினோராம் மாதம் அக்கா வீட்டு அரிசிப் பானையில் கிடைத்தன. பிரிக்காத அட்டைகள். நான்கு மாதமாக அவர் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை.

திட்டினோம். எங்களில் ஒருவர் கண்ணீரோடு திட்டினார். அக்கா வாயே திறக்கவில்லை. மறுநாள் எங்கள் இரண்டு பெண் தோழர்கள் மட்டும் போனார்கள், ஆண்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு. மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள். அக்காவுக்கு நாளெல்லாம் வெள்ளைப்படுதல். மாற்றத் துணியில்லை, வேலையிடத்தில் மாற்ற மறைவில்லை. திடீர் திடீரென்று தலைக்குள் அடுப்பு எரிவதுபோல் சூடு ஏறி ஜாக்கெட் நனைகிறது. இரவில் தூக்கமில்லை. அவர் கணவர் அவர்மீது சந்தேகப்பட்டுப் பேசியிருக்கிறார். இது போதாதென்று, இந்த மாத்திரை கர்ப்பப்பையில் புற்று வைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா எங்களிடம் சொல்லாமல் இல்லை. "இந்த மாத்திர எனக்கு ஒத்துக்கல தம்பி" என்று ஏழாம் மாதமே எங்களில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். "நிறுத்தக் கூடாதுக்கா, சாப்புடுங்க" என்று இவர் பதில் சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார். என்ன ஒத்துக்கலை என்று கேட்கவில்லை. அந்த இளம் மருத்துவர் செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது? அவருக்குச் சாதி, எங்களுக்கு ஆண்பிள்ளைக் கூச்சம். அக்காவுக்கு இரண்டிலும் பதில் கிடைக்கவில்லை.

சென்னைக்கு மறுபடி போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் ஒன்றுமில்லை. கேட்டால் எல்லாம் சொல்லுகிறார்கள், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பைப் புற்று ஆபத்து உண்மைதான், ஆனால் சிறியது, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். காலில் ரத்தம் உறையக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் அன்றே போக வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், பாராக்செடின், ஃபுளுவாக்செடின் போன்றவை, டமாக்சிபெனை உடம்பு பயன்படுத்துவதைத் தடுக்கும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால், மாதவிடாய் முழுதாக நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு லெட்ரோசோல் போன்ற வேறு வகைக்கு மாற்றலாம். அதில் மூட்டு வலியும் எலும்புத் தேய்வும் உண்டு. இத்தனை வழிகள் இருந்திருக்கின்றன. அக்காவுக்குத் தெரிந்த வழி அரிசிப் பானை ஒன்றுதான்.

மாத்திரையை இரவுக்கு மாற்றினார்கள். சூட்டுக்குத் தனியாக ஒன்று கொடுத்தார்கள். கணவரை உட்காரவைத்து ஒரு பெண் மருத்துவர் பேசினார். நழுவிய நான்கு மாதம் என்ன செய்யும் என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இப்போது படிப்பகத்தில் ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். எங்கள் பகுதியில் கீமோவுக்குப் போகிற பெண்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று அக்கா மூலம்தான் தெரிந்தது. முதல் பிரதியை எழுதிக்கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டினோம். வீங்கிய கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டாவது வரியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"யோனிக் கசிவுன்னா என்னாது?"

சொன்னோம். அதாவது, எங்களில் ஒரு பெண் தோழர் சொன்னார்.

"அத வெள்ளபடுதுன்னு எழுது. எவளுக்குப் புரியும் இது? அப்புறம் செவப்பா ஒண்ணுக்குப் போறத மொதல்ல போடு. அதான் மொத ராத்திரியே வர்றது."

நீக்கிவிட்டு எழுதிக்கொண்டோம். ஆண்கள் மூன்று பேரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீயே எழுதுப்பா, அவ கையில குடுக்காத" என்று, அன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு போனவரைப் பார்த்துச் சொன்னார் அக்கா. "பெருசா எழுது. கண்ணு மங்கலா இருக்கு எனக்கு. அதுவும் மாத்திரையாலயான்னு அடுத்த தடவ கேட்டுட்டு வரணும், ஞாபகப்படுத்துங்க."